அப்பாவும் கரடியும் நடக்கப் பழகிய காலம்

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்த அன்று நான் கொழும்பில் ஒரு கரடியின் தோளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

கணினியில் உருவங்களை அசைப்பது என் தொழில். வெளிநாட்டில் தயாராகும் முழுநீளப் படங்களின் வேலையில் ஒரு பகுதியை எடுத்துச் செய்கிற சிறிய நிறுவனம் ஒன்றில் இருந்தேன். கதை ஒரு நாட்டில் எழுதப்படும். கரடியின் உடம்பை இன்னொரு நாட்டில் செய்வார்கள். அதற்கு மயிர் போர்த்துவது, பனி கொட்டுவது, வெளிச்சம் போடுவது எல்லாம் வேறெங்கோ நடக்கும். அசைவு மட்டும் எங்களிடம் வரும். எங்களிடம் வருகிற கரடிக்கு மயிர் இராது. சாம்பல் நிறத்தில், குளித்துவிட்டு வந்த மாடு போல மொழுமொழுவென்று நிற்கும். உடம்பெங்கும் வளையங்கள் பூட்டியிருக்கும். ஒவ்வொரு வளையத்தையும் பிடித்து நகர்த்தினால் ஒவ்வொரு மூட்டு மடங்கும். ஒரு விநாடி நடக்க இருபத்து நான்கு படங்கள். ஒரு கிழமை முழுக்க இருந்து வேலை செய்தால் கரடி நாலைந்து அடி வைக்கும்.

அம்மாவின் அழைப்பு மதியத்துக்குச் சற்று முன் வந்தது.

"பிள்ளை, அப்பா கடலால வந்து வள்ளத்தால இறங்கேக்க விழுந்திட்டார். வாய் ஒரு பக்கம் கோணிப் போச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறம். நீ வெளிக்கிட்டு வா."

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் நான் பார்த்தபோது அவருடைய இடது கையும் காலும் கட்டிலில் வேறு யாரோ வைத்துவிட்டுப் போன சாமான்கள் போலக் கிடந்தன. பேச்சு குழறியது. ஆனால் என்னை அடையாளம் கண்டார். உயிருக்கு ஆபத்தில்லை, நடக்க வைப்பதுதான் நீண்ட வேலை என்று டொக்டர் சொன்னார்.

அவரைத் தீவிலுள்ள எங்கள் ஊர் கரம்பொன்னுக்குக் கூட்டிவந்தபோது நானும் வீட்டுக்கே வந்துவிட்டேன். நிறுவனத்தில் கேட்டேன். வேலை தவணைக்கு முடிந்தால் சரி, எங்கிருந்து செய்தாலும் பரவாயில்லை என்றார்கள். கணினியை அட்டைப்பெட்டியில் கட்டி, திரையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். சித்தப்பாவின் மகன், எனக்குத் தம்பி முறை, தண்ணீர்த் தாங்கியின் மேல் ஏறி இன்ரநெற்றுக்கு அன்ரெனா பூட்டித் தந்தான். கரண்ட் போனால் சமாளிக்க ஒரு பற்றரி. முன்னறையில் யன்னலோரம் மேசை. அப்படித்தான் ஒரு பனிநாட்டுக் கரடி எங்கள் தீவுக்கு வந்து சேர்ந்தது.

அப்பா என் தொழிலைப் பற்றி அதிகம் கேட்டதில்லை. யாரும் விசாரித்தால், "கொம்பியூட்டர் வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்வார். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில், சண்டை ஓய்ந்து கொழும்புப் பாதை திறந்த பிறகு, பங்குச் சுவாமி ஒரு தடவை கோயில் மண்டபத்தில் திரை கட்டிப் பேசும் மிருகங்கள் வருகிற ஆங்கிலப் படம் ஒன்றைப் போட்டார். கணினியிலேயே செய்த படத்தை நாங்கள் பார்த்தது அதுதான் முதல்முறை. ஒருவருக்கும் பாஷை விளங்கவில்லை. ஆனாலும் மண்டபம் நிறையச் சிரிப்பு. எனக்கு மட்டும், அந்த மிருகங்களுக்கு மூச்சு வாங்குவதை யார் செய்தார்கள் என்ற கேள்வி மூளைக்குள் நின்றுவிட்டது. அப்பா அன்று பின்னால் நின்று பார்த்துவிட்டு, "ஆக்களில்லாத படம். நடிச்சவைக்குச் சோறு போடத் தேவையில்லை," என்று சொன்னார். அதற்கு மேல் அவருக்கு அதில் அக்கறை இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நடை பழக்கியவர் ஒரு இளம் பெண். பிசியோ என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்கள். கரம்பொன்னில் இருந்து அடிக்கடி பஸ் ஏற்றி இறக்குவது அப்பாவுக்கு ஏலாது என்று நான் சொன்னபோது அவர் ஒரு வழி சொன்னார்.

"வீட்டில நடக்கேக்க போனில எடுத்து எனக்கு அனுப்புங்கோ. முன்னுக்கு நிண்டு எடுக்காமல் பக்கத்தில நிண்டு எடுங்கோ. ஐயா, நீங்கள் இடது காலில பாரம் குடுக்கோணும். அந்தக் கால் இருக்கெண்டு நம்போணும்."

"இருக்கெண்டு தெரியும் பிள்ளை," என்றார் அப்பா. "அதுக்குத்தான் நான் இருக்கிறது தெரியேல்லை."

முற்றத்தில் இரண்டு தடிகளை நட்டு, குறுக்கே பனஞ்சிலாகை கட்டித் தம்பி ஒரு பிடி செய்து கொடுத்தான். அதைப் பிடித்துக்கொண்டு அப்பா நடந்தார். நான் பக்கவாட்டில் நின்று எடுத்தேன். பிசியோவுக்கு அனுப்புவதற்கு முன், பழக்கதோஷத்தில், அதைக் கணினியில் போட்டு ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தேன். வலது கால் நிலத்தில் ஆறுதலாக நின்றது. இடது கால் தொட்டதும் உடனே மேலே வந்துவிடுகிறது. இடுப்பைத் தூக்கி, காலை வெளிப்பக்கமாக வீசி, அவசர அவசரமாக அந்த அடியை முடித்துவிடுகிறார்.

அப்பாவைக் கதிரையில் இருத்திக் காட்டினேன்.

"இதார்?" என்றார்.

"நீங்கள்தான் அப்பா."

அவர் தன்னுடைய நடையை அதுவரை பார்த்ததில்லை. நாங்கள் யாருமே எங்கள் நடையைப் பார்ப்பதில்லை. திரும்பவும் ஓடவிட்டேன்.

"நான் இப்பிடியோ நடக்கிறன்?"

"ஓம். அந்தக் காலில நிக்கிறியள் இல்லை. அதைத்தான் பிசியோவும்..."

"நிப்பாட்டு."

நிறுத்தினேன். பிறகு சில நாட்கள் போனைக் கையில் எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். நடக்கவும் மறுத்தார். அம்மா கெஞ்சினார், ஏசினார், கோயிலுக்கு நேர்ந்தார். ஒன்றும் நடக்கவில்லை. கதிரையை முன்னறை வாசலில் போடச் சொல்லி, அதில் இருந்து ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே நாட்களில் என் கரடியும் திரும்பித் திரும்பி வந்துகொண்டிருந்தது. எங்கள் பகுதியை மேற்பார்வை செய்தவர் ஒரு சிங்களப் பெண். நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். பொறுமையானவர், ஆனால் விட்டுக்கொடுக்கமாட்டார். ஒவ்வொரு தடவையும் ஒரே குறையைத்தான் சொன்னார்: பாரம் இறங்கவில்லை, கரடி மிதக்கிறது, நிலம் அதற்குக் கீழே இருப்பதாகத் தெரியவில்லை. ஒருநாள் அவரோடு பேசி முடித்துக் காதுக்கருவியைக் கழற்றி மேசையில் போட்டேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது.

"என்ன பிள்ளை, வேலையில பிழையோ?" என்று வாசலில் இருந்து அப்பா கேட்டார்.

"கரடி சரியா நடக்குதில்லையெண்டு திருப்பி அனுப்பியிருக்கினம்."

"எங்க, காட்டு."

கதிரையை இழுத்துத் திரைக்கு முன் போட்டேன். கரடி இடமிருந்து வலமாக நடந்தது. அவர் தலையைச் சரித்துப் பார்த்தார்.

"இதுக்கென்ன வருத்தம்?"

"வருத்தமில்லை அப்பா. வயசு போன கரடி. தோளில பழைய காயம் ஒண்டு இருக்கு."

"குடிச்சுப்போட்டு வாற ஆள் மாதிரியெல்லோ கிடக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வாயின் நல்ல பக்கத்தால் ஒரு சிரிப்பு. பிறகு, "என்ர படத்தையும் போடு," என்றார். போட்டேன். ஒரு பக்கம் கரடி, மறுபக்கம் சாரத்தை மடித்துக் கட்டிய அப்பா. இரண்டும் நடந்தன. பின்னேரம் வெயில் தணிந்ததும் அம்மாவைக் கூப்பிட்டு, தன்னைப் பிடியடியில் கொண்டுபோய் விடச் சொன்னார்.

அதன் பிறகு அது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. நடந்து முடித்ததும் வந்து கதிரையில் இருப்பார். முதலில் தன் படத்தைப் பார்ப்பார், அடுத்து கரடியை.

"இண்டைக்கு என்னவாம்?"

"பின்னங்கால் பரவாயில்லையாம். முன்னுக்குத் திருத்தட்டாம்."

"எனக்கும் அந்தப் பிள்ளை முழங்காலை மடக்கட்டாம். மடங்கினாத்தானே."

அம்மா குசினியில் இருந்து, "ரெண்டு பேரையும் ஒரு பள்ளிக்கூடத்தில விட்டிருந்தாச் செலவு குறைவு," என்றார்.

கரடியின் நடை ஒருவழியாக ஏற்றுக்கொள்ளப்பட்ட செய்தியைச் சொன்னபோது அப்பா, "அப்ப அது முந்தியிட்டுது," என்றார். அன்று பிடியை விட்டுவிட்டுப் பொல்லை ஊன்றிக் கிணற்றடி வரை போய் வந்தார். தம்பி பின்னால் கையை விரித்துக்கொண்டே போனான்.

அடுத்து வந்த காட்சி இன்னும் கஷ்டம். அந்தக் கிழக் கரடி படுத்த இடத்திலிருந்து எழ வேண்டும். அது எழுமா எழாதா என்று பார்க்கிறவர்கள் சந்தேகப்பட வேண்டும் என்று குறிப்பு எழுதியிருந்தார்கள். மிருகக்காட்சிச் சாலைக் கரடிகளின் படங்களை எல்லாம் பார்த்தேன். அவை சாப்பாடு கண்டதும் டக்கென்று எழும்பிவிடுகின்றன. எங்கள் தொழிலில் நாங்களே நடித்துப் பதிவுசெய்து, அதைப் பார்த்து அசைப்பது வழக்கம். நானும் சீமெந்து நிலத்தில் படுத்து எழும்பிப் பார்த்தேன். நான் மெலிந்த ஆள். எப்படி எழும்பினாலும் ஆடு எழும்புகிற மாதிரித்தான் இருந்தது. நான் விழுந்துவிட்டதாக நினைத்து அம்மா அகப்பையோடு ஓடிவந்தார்.

ஒரு முற்பகல் நான் மேற்பார்வையாளரோடு திரையில் பேசிக்கொண்டிருந்தேன். காதுக்கருவி போட்டிருந்ததால் வெளியில் நடந்தது எதுவும் கேட்கவில்லை. அம்மா பவுசர் வண்டியில் வந்த தண்ணீருக்குக் குடங்களோடு போயிருந்தார். பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தால் வாசல் கதிரை காலி. பொல்லையும் காணவில்லை.

நான் கிணற்றடிக்கு ஓடினேன். பிறகு ஒழுங்கைக்கு. அவர் கரையில் இருந்தார்.

எங்கள் வளவில் இருந்து கடற்கரை அதிக தூரமில்லை. ஆனால் கடைசித் துண்டு முழுக்க மணல். அந்த மணலைத் தாண்டித் தன்னுடைய வள்ளம் இழுத்துவைத்திருந்த இடத்துக்குப் போயிருக்கிறார். அதன் விளிம்பில் இருக்கப் பார்த்து வழுக்கி, முன்பக்க அணியத்தடியில் காலை நீட்டியபடி மணலில் இருந்தார். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த தம்பி என்னைக் கண்டுதான் அவரையும் கண்டான். இருவரும் ஓடிப்போய் ஆளுக்கொரு கமக்கட்டில் பிடித்தோம்.

"விடுங்கோ," என்றார். "தூக்காதேங்கோ. கை கழண்டிடும். நானா எழும்புறன்."

"ஏலாது பெரியப்பா," என்றான் தம்பி.

"ஏலாட்டிப் பிறகு தூக்கு."

நாங்கள் கையை எடுத்தோம். அவர் கொஞ்ச நேரம் அப்படியே இருந்து யோசித்தார். பிறகு வலது பக்கமாகச் சரிந்தார். முழங்கையை மணலில் ஊன்றினார். பாரம் முழங்கையிலிருந்து உள்ளங்கைக்கு மாறியது. முழங்கால்கள் உள்ளே வந்தன. தலை இன்னும் கீழேதான். முதலில் இடுப்புத்தான் மேலே வந்தது. நடுவில் நின்றுவிட்டார். முதுகு மூச்சில் ஏறி இறங்கியது. அந்த இடத்தில் அவர் திரும்பவும் விழப்போகிறார் என்று நான் நினைத்தேன். வலது கையால் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தார். இடது பாதத்தை மணலில் வைத்து, ஒருமுறை அழுத்திப் பார்த்து, எடுத்து, திரும்பவும் வைத்தார். அதில் பாரத்தை இறக்கினார். கால் நடுங்கியது. நின்றது. எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகத் தலை நிமிர்ந்தது.

என் கண் தன் பாட்டுக்கு அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. இடுப்பு, மூச்சு, பாதம், தலை. தொழில் அப்படி.

அம்மா வீட்டில் காத்திருந்தார். "உங்களுக்கென்ன அறளை பேந்திட்டுதோ? கடலுக்க விழுந்திருந்தா?"

"வள்ளத்தைப் பாக்கப் போனனான்," என்றார் அப்பா.

மறுநாள் சாப்பிடும்போது கேட்டேன்.

"அப்பா, நேற்று எழும்பினதை இன்னொருக்காச் செய்து காட்டுவீங்களோ? எனக்குக் கரடிக்கு வேணும்."

அவர் கையில் இருந்த சோற்றைத் தட்டில் வைத்தார்.

"நான் கரடி மாதிரியோ எழும்பினனான்?"

அம்மாவுக்குப் புரைக்கேறிவிட்டது. தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்து, திரும்பவும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. "பருமனில பிழையில்லை," என்றார்.

அப்பா கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் மீனில் முள் எடுத்தபடியே, "முகத்தை எடுக்கக் கூடாது. சனம் பாக்காத இடமா இருக்கோணும்," என்றார்.

பிசியோவிடம் போனில் கேட்டேன். முதலில் தயங்கினார். பிறகு, பக்கத்தில் இரண்டு பேர் நின்றால் செய்யலாம், அது நல்ல பயிற்சியும்தான் என்றார். வீட்டுக்குப் பின்னால் மணலைப் பரப்பினோம். வள்ளத்துக்குப் பதிலாக, ஆட்கள் இருக்கும் நீள வாங்கு ஒன்றைப் போட்டோம். தம்பியும் அம்மாவும் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

முதல் தடவை அப்பா நடிக்கத் தொடங்கிவிட்டார். இளம் வயதில் பெரிய வெள்ளிக்குக் கோயிலில் போடும் இயேசு நாடகங்களில் சேவகனாக வந்தவர். முனகினார், வானத்தைப் பார்த்தார், நெஞ்சில் கையை வைத்தார்.

"அப்பா, நடிக்க வேண்டாம். எழும்பினாக் காணும்."

"நடிக்க வேண்டாமெண்டா என்னத்துக்கு என்னைக் கூப்பிட்டனி?"

இரண்டாம் தடவையும் கொஞ்சம் சேவகன் மிச்சமிருந்தான். அதற்கடுத்த தடவை அவர் களைத்திருந்தார். எழும்புவதைத் தவிர வேறு எதிலும் கவனம் இல்லை. அதைத்தான் எடுத்துக்கொண்டேன்.

வாங்கைப் பாறையாக மாற்றினேன். இரண்டு காலை நாலு காலாக்கினேன். பலமில்லாத இடது காலின் தயக்கத்தைக் கரடியின் காயப்பட்ட தோளுக்குக் கொடுத்தேன். நடுவில் மூச்சுக்கு நிற்கிற இடத்தைத் தொடாமல் அப்படியே விட்டேன். மேற்பார்வையாளர் சின்னச் சின்னத் திருத்தங்களோடு ஏற்றுக்கொண்டார். எதைப் பார்த்துச் செய்தேன் என்று கேட்டார். "அப்பாவை," என்றேன். அதன் பிறகு அவர் வேலை பற்றி எழுதும்போதெல்லாம் கடைசியில் அப்பா எப்படியிருக்கிறார் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.

படம் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது அப்பா பொல்லோடு தனியாக நடந்துகொண்டிருந்தார். மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். தியேட்டர் மேல்மாடியில். கீழே எஸ்கலேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அதற்கு முன்னால் நின்று படிகள் நிலத்துக்குள் இருந்து கிளம்பி வருவதைப் பார்த்தார்.

"நான் இப்பத்தான் நிக்கிற நிலத்தில நடக்கப் பழகினனான்," என்றார். "ஓடுற நிலத்துக்கு இன்னும் பாடமெடுக்கேல்லை."

லிப்டில் போனோம்.

கரடிக்கு மயிர் முளைத்திருந்தது. பனி விழுந்தது, காற்றடித்தது, பின்னால் இசை. ஊர் தெரியாத எத்தனையோ பேருடைய கைவேலை அதன் மேல் படிந்திருந்தது. என்னுடைய காட்சி வந்தபோது எனக்கே அது என்னுடையதென்று ஒரு கணம் மட்டுக்கட்ட முடியவில்லை. கரடி சரிந்தது, இடுப்பைத் தூக்கியது, நடுவில் நின்றது. தியேட்டரில் பிள்ளைகளின் சத்தம் அடங்கியது. அப்பா நல்ல கையின் முழங்கையால் என்னை இடித்தார்.

"உதுதானே?"

"ஓம்."

கரடி நிமிர்ந்தது. காட்சி மாறிவிட்டது.

"இன்னும் கொஞ்ச நேரம் காட்டியிருக்கலாம்," என்றார் மெதுவாக.

அம்மா அந்தப் பக்கம் அழுதுகொண்டிருந்தார். பாஷை விளங்காமலே கதை முழுவதும் அவருக்கு விளங்கியிருந்தது.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். சனம் எழும்பியது. அப்பா எழும்பவில்லை. திரையில் பெயர்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. கூட்ட வந்த பெண் தும்புத்தடியோடு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏராளமான பெயர்கள். எங்கள் நிறுவனத்தின் பெயரும், அதற்குக் கீழே பொடி எழுத்தில் நாங்களும் வந்தோம்.

"எங்க உன்ர பேர்?"

"இப்பத்தான் போட்டுது அப்பா."

"திருப்பிப் போடமாட்டினமோ?"

"ஏலாது."

அவர் அதற்குப் பிறகும் திரை வெறுமையாகும் வரை இருந்துவிட்டுத்தான் பொல்லை எடுத்தார்.

அந்த வருடக் கடைசியில், கடல் படுத்திருந்த ஒரு காலை, தம்பி அவரை வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுபோனான். அம்மா மறித்துப் பார்த்தார், முடியவில்லை. மத்தியானத்துக்கு முன் திரும்பிவிட்டார்கள். அப்பா கையை மட்டும் கழுவிவிட்டு வந்து இருந்தார்.

"நிக்க ஏலுது," என்றார். "ஆனா வலை இழுக்க ஒரு கை காணாது. வள்ளத்தை அவனே வைச்சிருக்கட்டும்."

அம்மா அவருடைய தட்டில் இன்னொரு மீன் துண்டு வைத்தார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. எனக்குத்தான் சில நாட்கள் 'ஒரு கை காணாது' என்ற வசனம் வேலை மேசையிலும் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் இன்னும் கரம்பொன்னில் இருந்துதான் வேலை செய்கிறேன். இப்போது நடையின் முதல் வரைவைக் கணினி தானாகவே போட்டுத் தருகிறது. எங்களுக்கு வரும் வேலை குறைந்துவிட்டது. வருகிறதைத் திருத்துகிறோம். எவ்வளவு காலத்துக்கு என்று தெரியவில்லை.

சென்ற மாதம் அப்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். பக்கத்து வாங்கில் அனலைதீவிலிருந்து ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். அவருக்கும் இடது பக்கம்தான். வாதம் வந்து அதிக நாளாகவில்லை. கையை மடியில் தூக்கி வைத்தபடி அப்பாவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, உங்களுக்கு நடக்க எவ்வளவு காலம் எடுத்தது?" என்று மனைவி கேட்டார்.

"கனகாலம்," என்றார் அப்பா. "போன் வைச்சிருக்கிறியளோ? நடக்கேக்க இவரைப் படம் எடுங்கோ. முதல்ல கோவம் வரும். எனக்கும் வந்தது."

அந்த மனிதர் தன் மனைவியைப் பார்த்தார். மனைவி கைப்பையைத் திறந்து போனைத் தேடத் தொடங்கினார். உள்ளேயிருந்து தாதி அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா பொல்லை ஊன்றி எழும்பி, பிடிக்க நீட்டிய என் கையைத் தட்டிவிட்டு, தானாகவே உள்ளே போனார்.